கத்தும் பிரேக்கும் கத்தாத பேடும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற உலோகத் தட்டை இரு பக்கமும் அழுத்தி நிறுத்துகிற பிரேக் பேட் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சத்தமும் அதிர்வும் சோதிக்கும் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். கும்பகோணத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், "இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க" என்று வண்டியை உருட்டிக் காட்டுகிறார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிரேக் பிடித்தால் கிறீச் என்கிறது. பேட் தேய்ந்துவிட்டதா?

தேய்ந்திருக்கலாம், புத்தம் புதுசாகவும் இருக்கலாம். பல பேட்களில் ஓரமாக ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் சுமார் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும், "மாத்துடா" என்று சொல்வதற்காகவே வைத்த சத்தம் அது. அதை அடக்க வழி தேடாதீர்கள், பேடை மாற்றுங்கள்.

பேட் பாதிக்கு மேல் இருந்தும் கத்தினால் அது வேறு கதை. அங்கே பிரேக்கில் கோளாறு எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கவே விசித்திரமாக இருக்கும், நன்றாகப் பிடிக்கும் பேட்தான் அதிகம் கத்தும். பிடிப்பை அளக்கும் உராய்வு எண் 0.3-லிருந்து 0.45-ஐ நோக்கி ஏற ஏறச் சத்தம் வரும் வாய்ப்பும் ஏறும். பிடிப்பும் வேண்டும், சத்தமும் கூடாது என்று இரண்டையும் ஒரே பேடில் கேட்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தத் தலைவலி.

சரி, அந்தச் சத்தம் எங்கிருந்துதான் வருகிறது?

வயலின் வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, கொஞ்ச தூரம் போனதும் தந்தி நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. பிடிப்பு, நழுவல், பிடிப்பு, நழுவல், ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை. நிற்கும்போது இருக்கும் உராய்வு நகரும்போது இருக்கும் உராய்வைவிட அதிகம் என்பதால் வரும் வினை இது. கேட்டில் நின்ற கார் மெல்ல நகரும்போது அடியிலிருந்து "க்ர்ர்ர்" என்று உறுமுகிறதே, அது இந்த ரகம்.

காதைக் கிழிக்கும் கிறீச் பெரும்பாலும் இன்னொரு வகை. டிஸ்க் என்பது கிட்டத்தட்ட ஒரு கோயில் மணி, அதற்கென்று சில சுருதிகள் உண்டு. பேடுக்கும் உண்டு, பேடைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான கேலிபருக்கும் உண்டு. அவற்றில் இரண்டு சுருதி பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் உராய்வு அவை இரண்டையும் கோத்துவிடும். ஒன்று கொடுக்கும் சக்தியை மற்றது வாங்கித் தானும் ஆடும், திருப்பியும் கொடுக்கும், ஆட்டம் தானாகவே வளரும். அசைவு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 16,000 ஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் ஒலிக்கும். நம் காது 2,000 முதல் 5,000 வரைக்கும்தான் ரொம்பக் கூர்மை, பாதிப் புகார்கள் அங்கேதான் விழும்.

ஆகவே பேட் தனியாகக் கத்துவதில்லை. பேட், டிஸ்க், கேலிபர் மூன்றும் சேர்ந்து கத்துகின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே இருக்கும் பதில்களில் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

விலை உயர்ந்த பேட் போட்டும் சத்தம் போகவில்லையே?

மேலே சொன்னதுதான். ஒரு வண்டியில் மௌனமாக இருக்கும் அதே கலவை, வேறு மாடலில் ஊரைக் கூட்டும். பேடைக் குறை சொல்வதற்கு முன் கேலிபர் நகர உதவும் வழுக்குப் பின்கள் இரண்டையும் கையால் நகர்த்திப் பாருங்கள், நகர மறுத்தால் பேட் கோணலாகத்தான் அழுந்தும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியை எப்படிப் பிடித்தால் கிறீச்சிடும் என்று பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். பேடின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில் துரு ஏறியிருந்தாலும் இதே நிலைதான்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் இதை நான் அதிகம் பார்க்கிறேன். உப்புக்காற்று பேடின் இரும்புத் தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவே புகுந்து துருவைக் கிளப்பும், துரு வீங்கி உராய்வுப் பொருளையே தகட்டிலிருந்து தள்ளிவிடும். அப்படி ஓரம் பிரிந்த பேடை உடனே கழற்றிவிடுங்கள், அது சத்தத்தோடு நிற்கிற விஷயம் இல்லை.

பேடின் ஓரத்தைச் சாய்வாகச் சீவியிருக்கிறார்கள், நடுவில் ஒரு கோடும் இருக்கிறது. அழகுக்கா?

இல்லவே இல்லை. எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டிஸ்க் அதிரும்போது அதன் விளிம்பு அலை அலையாக வளைகிறது, சில இடம் மேலே, சில இடம் கீழே. பேட் அந்த அலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேடின் நீளமும் அலையின் நீளமும் ஒத்துப்போனால் இரண்டும் கைகோத்து ஆடும். இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் சீவினால் டிஸ்க்கைத் தொடும் நீளம் குறைகிறது, அந்த ஒத்துப்போதல் கலைகிறது. நீளச் சுண்ணக்கட்டி கத்தினால் வாத்தியார் அதை இரண்டாக உடைத்து எழுதுவாரே, ஏறக்குறைய அதே வைத்தியம். தவிர, டிஸ்க் சுழன்று பேடுக்குள் நுழையும் பக்கத்து முனைதான் முதலில் கொத்திப் பிடிக்கும், அங்கே சாய்வு இருந்தால் கொத்தல் மட்டுப்படும். சில பேட்களில் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய சாய்வு இருப்பது இதனால்தான். அவற்றுக்கு இடது, வலது உண்டு, மாற்றி மாட்டினால் வடிவமைப்பாளர் பட்ட பாடெல்லாம் வீண்.

நடுக்கோடு பேடை இரண்டு துண்டாக்கி அதன் வளையும் தன்மையை மாற்றுகிறது. வேறொரு சுருதிக்கு நகர்த்துகிறது என்று சொல்லலாம். தூசியும் தண்ணீரும் வெளியேற வழி கிடைப்பது கூடுதல் லாபம். கோடு நேராக இருக்கலாம், சரிந்தும் இருக்கலாம், எது பொருந்தும் என்று பல தடவை வெட்டி வெட்டிச் சோதித்துத்தான் முடிவாகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொகுதி பேடில் சாய்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாகச் சீவப்பட்டு வெளியே போய்விட்டது. கலவை அதே, தகடு அதே. கத்தல் புகார் மட்டும் அடுத்த மாதமே வந்து குவிந்தது. அன்றைக்குத்தான் வடிவத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது.

பேடுக்குப் பின்னால் இருந்த மெல்லிய தகட்டை மெக்கானிக் தூக்கிப் போட்டுவிட்டார். பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. அதன் பெயர் ஷிம். பார்க்க வெறும் தகடு மாதிரி இருக்கும், பெரும்பாலும் இரும்பும் ரப்பரும் அடுக்கடுக்காக ஒட்டியது. பேட் அதிரும்போது நடுவில் இருக்கும் ரப்பர் அடுக்கு நசுங்கி இழுபட்டு அந்த அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். ஒலிக்கிற மணி மேல் உள்ளங்கையை வைத்தால் எப்படி அடங்குகிறது, அந்த வேலை.

இன்னொரு சூட்சுமமும் அதில் உண்டு. ஷிம்மில் ஒரு பக்கமாக வெட்டு விட்டால் பிஸ்டன் பேடை அழுத்தும் இடம் லேசாக நகரும். முனை கொத்துகிற பேடை இப்படி அரை மில்லிமீட்டர் தகட்டை வைத்தே சாந்தப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன். ரப்பருக்கு வேலை செய்ய ஏற்ற வெப்பநிலை என்று ஒன்று உண்டு, ரொம்பச் சூடானால் அடக்கும் சக்தி குறையும். மலைப்பாதை வண்டிக்கும் நம் ஊர் வண்டிக்கும் ஒரே ஷிம் பொருந்தாமல் போவது அதனால்தான்.

பேடுக்குள் என்னதான் இருக்கிறது?

பத்துப் பதினைந்துக்கு மேல் சரக்கு இருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் அது குடும்ப ரகசியம். கட்டிப்பிடிக்க பீனாலிக் ரெசின், தாங்க அராமிட் இழையோ இரும்பு நாரோ, வழுக்க கிராஃபைட், சுரண்ட அலுமினா போன்ற கடினத் தூள், இடத்தை நிரப்ப பேரியம் சல்பேட். எல்லாவற்றையும் கலந்து 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் அழுத்தி, அப்புறம் அடுப்பில் பல மணி நேரம் வேகவிடுவார்கள்.

இதில் நம்மூர் சரக்கு ஒன்று இருக்கிறது, முந்திரி. பருப்பு இல்லை, ஓட்டில் இருக்கும் எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் கையைப் பொத்துப்போக வைக்கிறதே, அதே எண்ணெய். அதை ரசாயனமாகக் கெட்டியாக்கிப் பொடித்தால் வரும் தூள் உலகம் முழுக்கப் பிரேக் பேடில் போகிறது. ரப்பர் மாதிரி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அதிர்வைக் குடிக்கும், உராய்வையும் ஒரே சீராக வைக்கும். அதிகமாகப் போட்டால் சூட்டில் கருகிப் பிடிப்பு இறங்கும், குறைத்தால் கத்தும்.

செம்பும் ஒரு காலத்தில் தாராளமாகப் போட்டார்கள், சூட்டைக் கடத்த நல்லது. தேய்ந்த தூள் தண்ணீரில் கலந்து மீனைப் பாதிக்கிறது என்று கலிபோர்னியாவில் 2010-இல் சட்டம் போட்டு, 2025-லிருந்து அரை சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். ஒரு சரக்கை எடுத்துவிட்டால் பழைய சுருதி எல்லாமே குலையும், சத்தச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்படியானால் மெத்தென்ற பேட் போட்டால் சத்தம் வராதா?

ஓரளவுக்கு உண்மை. அழுத்தினால் பேட் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கவே தனிச் சோதனை இருக்கிறது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சுமாராக இருக்கும். அமுங்கும் பேட் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அளவு மீறினால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், காலுக்கு நம்பிக்கையே வராது. அதனால்தான் மேலே கெட்டியான கலவை, அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மெத்தென்ற வேறு கலவை என்று இரண்டு அடுக்காகச் செய்கிறார்கள். அடி அடுக்கு சூடு பிஸ்டனுக்குப் போகாமலும் தடுக்கும்.

காலையில் முதல் நாலு தடவை மட்டும் கத்துகிறது, அப்புறம் இல்லை. ஏன்?

மார்கழிப் பனியில் இரவு முழுக்க நனைந்த வார்ப்பிரும்பு டிஸ்க்கில் மெல்லிய துரு படியும், பேடும் கொஞ்சம் ஈரம் குடித்திருக்கும். நாலைந்து பிரேக்கில் துரு உரிந்து, ஈரம் காய்ந்து, எல்லாம் சரியாகும். இதற்குச் செலவு செய்யாதீர்கள். வண்டியைக் கழுவிய கையோடு இரவு நிறுத்தினாலும் இதே கதைதான், நிறுத்துவதற்கு முன் தெருவில் ஒரு சுற்று போய் பிரேக் பிடித்துக் காயவையுங்கள்.

மலையே இல்லாத ஊர், பிரேக்குக்கு இங்கே என்ன வேலை என்கிறார்களே?

பிரேக் சத்தத்துக்கு டெல்டா மாதிரி தோதான இடம் கிடைக்காது. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் வாருங்கள். பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பாலத்துக்குப் பாலம், நடுவே வேகத்தடை, குறுக்கே ஆடு, எதிரே மினி பஸ். ஓங்கி மிதிக்கவே மாட்டீர்கள், லேசாகத் தொட்டுத் தொட்டு விடுவீர்கள். மெதுவான வேகம், குறைந்த அழுத்தம், சூடேறாத டிஸ்க், இது மூன்றும் சேரும் இடத்தில்தான் கிறீச் குடியிருக்கிறது. சோதனைக்கூடத்திலும் பாதிக்குப் பாதி இப்படிச் சும்மா தொட்டு இழுக்கிற சோதனைதான்.

நடவுக் காலத்தில் இன்னொன்று சேரும். வயலிலிருந்து ஏறும் டிராக்டர் சாலையெல்லாம் களிமண்ணைத் தட்டிவிட்டுப் போகும், அதன் மணல் துகள் பேடில் பதிந்து டிஸ்க்கில் கோடு கிழிக்கும். அறுவடையில் சாலையில் காயும் நெல்லும் வைக்கோலும். கேலிபருக்குள் வைக்கோல் சுருண்டு கிடந்த காரை நானே சுத்தம் செய்திருக்கிறேன், ஓட்டுநர் "பேட் போச்சு" என்றே நினைத்திருந்தார்.

80-இல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது, பெடல் துடிக்கிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

எல்லோரும் "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்பார்கள், அது அபூர்வம். பெரும்பாலும் டிஸ்க்கின் கனம் சுற்றிவர ஒரே அளவாக இல்லாமல் போயிருக்கும். 15 மைக்ரான் வித்தியாசமே போதும், தலைமுடிக் கனத்தில் ஐந்தில் ஒன்று. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டு சுற்று சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் கனமான இடம் பேடைத் தள்ளும், அந்தத் தள்ளல் பெடலுக்கும் ஸ்டியரிங்குக்கும் வரும். வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவானால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

எப்படி வருகிறது? ஒரு வழி, டிஸ்க் உட்காரும் சக்கரக் குடமான ஹப்பில் துரு இருக்கும்போதே டிஸ்க்கை மாட்டிவிடுவது, அல்லது வீல் நட்டை ஒன்றை இறுக்கி ஒன்றை விடுவது. டிஸ்க் லேசாகத் தள்ளாடும், பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒரே இடம் பேடில் பட்டுப் பட்டுத் தேய்ந்து அங்கே மட்டும் மெலியும். இதை எதிர்பார்த்துத்தான் பேடில் சுரண்டும் தூளைக் குறைவாக வைப்பார்கள், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் வளையம் பேடைப் பின்னுக்கு இழுக்கும்படியும் அமைப்பார்கள். இன்னொரு வழி, வேகமாக வந்து அழுத்தி நிறுத்திவிட்டு, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காலை எடுக்காமல் மிதித்தபடியே நிற்பது. சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி அச்சுப் பதித்துவிடும். கேட்டில் நின்றதும் ஹேண்ட் பிரேக்குக்கு மாறுங்கள்.

லேத்தில் கொடுத்துக் கடைந்தால் சரியாகுமா?

ஆகும், டிஸ்க்கில் எழுதியிருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாத வரைக்கும். கடைந்துவிட்டு ஹப்பைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி வந்து நிற்பீர்கள். டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துத் தள்ளாட்டத்தைப் பார்க்கும் பட்டறையாகத் தேடுங்கள்.

பைக் டிஸ்க் ஏன் கார் டிஸ்க்கைவிட அதிகம் கத்துகிறது?

பைக் டிஸ்க் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. பார்க்கப் பளபள என்று இருக்கும், ஆனால் கணகணவென்று ஒலிக்கிற உலோகம். காரின் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் இருப்பதால் அது தானே அதிர்வைக் கொஞ்சம் விழுங்கும். செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது அது டிஸ்க்கில் தெளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி சத்தம் அப்படி வந்ததுதான்.

நெல் லோடு லாரியில் டிரம் பிரேக். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். டிரம்மில் பேடின் வேலையைச் செய்யும் லைனிங்கின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு முனை மட்டும் தொட்டால் ஆனை பிளிறுகிற மாதிரி வரும். புது லைனிங்கைக் கடைந்து முழுசாகப் படியவைத்து, முனைகளைக் கொஞ்சம் சாய்வாகச் சீவுவது பழைய மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை. ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரல் புற்றுநோய் தரும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதும் பழக்கத்தை விட்டுவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

கொஞ்சம் எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்கும். வண்டி நிற்காது. மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுகிற பழக்கத்தில் வந்த யோசனை போல. கிரீஸ் போட வேண்டிய இடம் பேடின் காதுகளும் முதுகும் வழுக்குப் பின்னும்தான், அதுவும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், ஒரு மெல்லிய பூச்சு. சாதாரண கிரீஸ் பின்னை மூடும் ரப்பர் உறையை ஊத வைக்கும். உராயும் முகத்தில் ஒரு சொட்டு பட்டாலும் அந்த பேடை நம்ப வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, கண்ணாடி மாதிரி பளபளப்பான முகத்துக்குக் கொஞ்ச நாள் உதவும்.

புது பேட் போட்டதும் எப்படி ஓட்ட வேண்டும்?

காலியான சாலையில் 60-லிருந்து 20 வரை நிதானமாகக் குறையுங்கள், நடுவே கொஞ்சம் ஓடிக் காற்று வாங்கவிட்டு இருபது முப்பது தடவை. பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படியத்தான் இது. முதல் நாளே ஓங்கி மிதித்தால் படலம் திட்டுத் திட்டாகப் படிந்து, மேலே சொன்ன துடிப்பு வரும்.

கம்பெனியில் சத்தத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில் கம்ப்யூட்டரில் பேட், டிஸ்க், கேலிபர் மூன்றையும் வரைந்து எந்தச் சுருதி தானாக வளரும் என்று கணக்குப் போடுவார்கள். சந்தேகத்துக்குரியது பத்து என்று அது சொன்னால் உண்மையில் கத்துவது இரண்டு மூன்றாக இருக்கும், ஆகவே வழிகாட்டி மட்டுமே. அப்புறம் நிஜ பிரேக்கை மூடிய அறையில் சுழலவிட்டு, மைக் வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வெவ்வேறு அழுத்தத்திலும் வெப்பத்திலும் பிடித்துப் பார்ப்பார்கள். 70 டெசிபெலைத் தாண்டினால் சத்தம் என்று கணக்கு. கடைசியாக நிஜ வண்டி, நிஜ சாலை. அறையில் வாயே திறக்காத ஒரு பேட், கடலோர ஊரில் ஐப்பசி மழையில் கத்தித் தீர்த்ததைப் பார்த்த பிறகு, காற்றின் ஈரத்தையும் குறித்துக்கொள்ளாத சோதனைத் தாளை நான் மதிப்பதில்லை.

பேட்டரி ஆட்டோவில் பிரேக் சத்தம் அதிகமா?

சத்தம் அதிகமில்லை, அதை மறைக்க இன்ஜின் இல்லை. தவிர, மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரம் எடுக்கிற வண்டிகளில் பிரேக்குக்கு வேலை குறைவு, துரு உரியாமல் தங்கிவிடும். வாரம் ஒரு தடவையாவது நன்றாக அழுத்திப் பிடியுங்கள்.

எந்தச் சத்தத்துக்கு வண்டியை ஓரம் கட்ட வேண்டும்?

இரும்போடு இரும்பு அரைகிற "கரகர" சத்தம், அப்போது பேட் முடிந்து தகடுதான் டிஸ்க்கைத் தொடுகிறது. சத்தத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலும், கருகல் வாசம் வந்தாலும் அப்படித்தான். அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள், பட்டறை ரெண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.